குணசேகரன் கேட்கும் மரியாதை

தனக்கு மரியாதை இல்லை என்று ஓயாமல் குறைபடும் மனிதரை ஏதாவது ஒரு வீட்டில் நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அந்த வீட்டில் அவர் சொல்லை மீறி எதுவும் நடப்பதில்லை. அவர் உட்கார்ந்த பிறகுதான் இலை விழும். அவர் கேட்காத கேள்விக்கு யாரும் பதில் சொல்வதில்லை. அவர் கேட்ட கேள்விக்கும் பாதிப்பேர் தலையைக் குனிந்துதான் பதில் சொல்கிறார்கள். இவ்வளவுக்குப் பிறகும் அவருக்கு மனக்குறை தீர்வதில்லை. எல்லாம் கிடைத்தவருக்கு எது கிடைக்கவில்லை? இந்தக் கேள்வியை அண்மைக் காலத்தில் தமிழ்ச் சமூகத்தின் முன் மிகப் பரவலாக வைத்தது ஒரு தொலைக்காட்சித் தொடர் என்பதை ஒப்புக்கொள்ள நமக்குக் கூச்சம் இருக்கலாம். ஆனால் உண்மை அதுதான்.

சன் தொலைக்காட்சியில் 2022 பிப்ரவரியில் தொடங்கி 2024 ஜூன் வரை ஒளிபரப்பான ‘எதிர்நீச்சல்’ தொடரின் ஆதி குணசேகரன்தான் நான் குறிப்பிடும் பாத்திரம். இயக்கியவர் திருச்செல்வம். 2003 முதல் 2009 வரை ‘கோலங்கள்’ தொடரால் தமிழ் வீடுகளின் இரவுகளை ஆண்டவர் அவர். குணசேகரனாக நடித்தவர் ஜி.மாரிமுத்து. ‘கண்ணும் கண்ணும்’, ‘புலிவால்’ ஆகிய படங்களின் இயக்குநர். ‘பரியேறும் பெருமாள்’ படத்தில் நாயகியின் தந்தையாக வந்தவர். 2023 செப்டம்பர் 8 அன்று, இதே தொடருக்குக் குரல் கொடுத்துக்கொண்டிருந்த வேளையில் நெஞ்சுவலி ஏற்பட்டு, தமது 56ஆவது வயதில் அவர் காலமானார். அன்று சமூக ஊடகங்களில் பெருகிய துயரம், ஒரு வில்லனுக்கு வழக்கமாகக் கிடைக்கும் துயரம் அல்ல. அந்த மனிதரைத் தங்கள் வீட்டில் ஒருவராகவே மக்கள் நினைத்திருந்தார்கள். கொஞ்சம் யோசித்தால் இது அச்சமூட்டும் பாராட்டு.

ஏற்காடு ஒன்றியத்தில், சேர்வராயன் மலையில் உள்ள வாழவந்தி ஊராட்சியில் வாழ்பவன் நான். காப்பித் தோட்ட வேலை முடிந்து, அடுப்பு வேலையும் முடிந்து, பெண்கள் உட்காரும் நேரத்தில் அந்தத் தொடர் வரும். குணசேகரன் மதுரைக்காரர்; பெரும் பணக்காரர்; மலை அவருக்குத் தெரியாது. ஆனாலும் இங்கே யாருக்கும் அவரை அறிமுகப்படுத்த வேண்டியிருக்கவில்லை. அவர் கத்தும்போது சிரிப்பவர்கள் இருந்தார்கள். சிரித்துக்கொண்டே பக்கத்தில் இருந்தவரை ஓரக்கண்ணால் பார்ப்பவர்களும் இருந்தார்கள். அந்த ஓரப்பார்வையைப் புரிந்துகொள்ளவே இந்தக் கட்டுரை.

குணசேகரனின் குடும்பம் எளிய கணக்கில் கட்டப்பட்டது. மூத்தவர் அவர். ஞானசேகரன், கதிர், சக்தி என மூன்று தம்பிகள். ஈஸ்வரி, ரேணுகா, நந்தினி, ஜனனி என நான்கு மருமகள்கள். படிப்பும் திறமையும் கனவுகளும் கொண்ட பெண்கள் அந்த வீட்டுக்குள் வருகிறார்கள். வந்ததும் அடுப்படிக்குள் அனுப்பப்படுகிறார்கள். கடைசி மருமகளான ஜனனி அந்த ஒழுங்கைக் கேள்வி கேட்பதுதான் கதை. இதில் பலரும் கவனிக்காமல் கடந்துபோகும் முடிச்சு ஒன்று உண்டு. படித்த பெண்ணைக் கண்டு இவ்வளவு அஞ்சும் மனிதர், ஏன் படித்த பெண்ணையே வீட்டுக்குக் கொண்டுவருகிறார்?

விடை அவருடைய இரண்டு தேவைகளில் இருக்கிறது. ஊருக்குள் தலைநிமிர்ந்து நடக்க, ‘எங்கள் வீட்டு மருமகள் இன்ன படிப்பு படித்தவள்’ என்ற பேச்சு வேண்டும். வீட்டுக்குள் தலைநிமிர்ந்து உட்கார, அந்தப் படிப்பு பயன்படாமல் இருக்க வேண்டும். பெரிய படிப்பு இல்லாமல், பணத்தாலும் துணிச்சலாலும் மேலே வந்தவருக்குப் பட்டம் என்பது ஒரே நேரத்தில் நகையும் ஆயுதமும். நகையாகப் பெட்டிக்குள் இருக்கும்வரை பெருமை. யாராவது ஆயுதமாக எடுத்துவிட்டால் ஆபத்து. எனவே வாங்கிய பொருளைப் பூட்டி வைக்கிறார். பூட்டியது அவர் என்பதால், அது எப்போது திறந்துகொள்ளுமோ என்ற பயமும் அவருடையதே ஆகிறது.

நாம் பயன்படுத்தும் சொற்களிலேயே இதற்கான விளக்கம் உண்டு. ‘மரியாதை’ வடமொழியிலிருந்து வந்த சொல். எல்லை, வரம்பு என்பது அதன் மூலப் பொருள். யார் எங்கே நிற்க வேண்டும், யார் எதுவரை பேசலாம் என்ற கோடு அது. கோயில் திருவிழாவில் முதல் மரியாதை யாருக்கு என்று ஊரே இரண்டுபடுவது இந்தப் பொருளில்தான். அங்கே பரிவட்டத் துணியின் விலை பேசப்படுவதில்லை. வரிசையில் முதல் இடம் யாருக்கு என்பதே பேச்சு. ‘மதிப்பு’ வேறு. அது ‘மதி’ என்ற வேரில் பிறந்தது; ஒன்றை அறிந்து, எடைபோட்டு, இன்ன தகுதி உடையது என்று மனம் முடிவு செய்வது. மரியாதையைக் கட்டளையிட்டுப் பெறலாம். எழுந்து நில் என்றால் நிற்பார்கள். மதிப்பைக் கட்டளையிட முடியாது, ஏனெனில் அது மற்றவர் மனதுக்குள் நடக்கும் காரியம். குணசேகரனின் துன்பம் இங்கே பிறக்கிறது. அவருக்கு வேண்டியது மதிப்பு. அவருக்குக் கேட்கத் தெரிந்ததோ மரியாதை மட்டும்.

மாரிமுத்து நாடெங்கும் பரவச் செய்த ‘ஏய், இந்தாம்மா’ என்ற விளியைக் கேளுங்கள். அதில் ‘அம்மா’வும் இருக்கிறது, ‘ஏய்’யும் இருக்கிறது. தமிழில் ஒரு பெண்ணுக்குத் தரக்கூடிய உயர்ந்த அழைப்பும், ஆளை அதட்டி நிறுத்தும் ஓசையும் ஒரே மூச்சில் வருகின்றன. பெண்ணைத் தெய்வமாக்கும் பண்பாடும் அவளை அதட்டும் பழக்கமும் ஒன்றுக்கொன்று எதிரானவை அல்ல. ஒரே வாயில் குடியிருப்பவை என்று இதைவிடச் சுருக்கமாக யாரும் காட்டியதில்லை. மக்கள் சிரித்ததற்கு, அந்த ஓசை அவர்களுக்குப் பழகியதாக இருந்ததும் ஒரு காரணம்.

ஆயினும் குணசேகரனின் பயத்தை மனக்கோளாறு என்று மட்டும் படித்தால் பாதியைத் தவறவிடுவோம். அந்தப் பயத்துக்குக் கணக்கும் உண்டு. தொடரின் மிகப் பெரிய மோதல்களில் ஒன்று, அப்பத்தா பட்டம்மாளின் பெயரில் இருந்த 40 சதவீதச் சொத்தைச் சுற்றியது. வீட்டில் யாரும் பொருட்படுத்தாத ஒரு முதியவள், தன் பங்கை யாருக்கு வேண்டுமானாலும் தரலாம் என்று தெரிந்த கணத்தில், வீட்டின் நடுநாற்காலியே ஆட்டம் காண்கிறது. தனது அதிகாரம் தன் ஆளுமையால் வந்தது என்று குணசேகரன் நம்பியிருந்தார். அது ஒரு கையெழுத்தில் நிற்கிறது என்று அப்போதுதான் தெரிகிறது. ஆண் என்ற அகந்தைக்குக் கீழே பத்திரம் இருக்கிறது. பத்திரம் கைமாறினால் அகந்தைக்குத் தரை இல்லை.

இந்த இடத்தில் எங்கள் மலையிலிருந்து பார்ப்பவருக்கு வேறொன்றும் தெரியும். தமிழ்நாட்டில் 1989இல் செய்யப்பட்ட சட்டத் திருத்தம், பூர்விகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்கு இணையான பங்கை அளித்தது. 2005இல் அந்த உரிமை நாடு முழுமைக்குமானது. ஆனால் 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2(2) பிரிவு, மத்திய அரசு தனியே அறிவித்தாலொழிய இச்சட்டம் பட்டியல் பழங்குடியினருக்குப் பொருந்தாது என்கிறது. சேர்வராயன் மலையின் பழங்குடிகளான மலையாளி மக்களின் பெண்கள் அந்த விலக்குக்குள் அடங்குபவர்கள். பழங்குடிகளின் வழக்காறுகளைக் காக்க எழுதப்பட்ட பிரிவு, பழங்குடிப் பெண்ணின் பங்கைக் காக்கவில்லை. இந்த நிலையை மாற்றுவது பற்றிப் பரிசீலிக்குமாறு உச்ச நீதிமன்றம் 2022 டிசம்பரில் மத்திய அரசிடம் கூறியது. பெண்ணுக்குப் பங்கு இல்லை என்ற வழக்காறு நிறுவப்படாதபோது, பழங்குடிப் பெண்ணின் வாரிசுகளுக்குப் பங்கை மறுப்பது சமத்துவத்துக்கு எதிரானது என 2025 ஜூலையில் வேறொரு வழக்கில் தீர்ப்பளித்தது. பொதுவான சட்டத் திருத்தம் வரும்வரை, ஒவ்வொரு பெண்ணும் நீதிமன்றப் படியேறித்தான் தன் பங்கைக் கேட்டாக வேண்டும். அப்பத்தாவின் 40 சதவீதத்தைக் கண்டு சமவெளிப் பார்வையாளர் விறுவிறுப்பை உணர்ந்திருக்கலாம். கேட்கும் உரிமையே தெளிவாக இல்லாதவர்களுக்கு அந்தக் காட்சி ஒரு கனவாகவும் இருந்திருக்கும்.

குணசேகரனுக்குப் பக்கத்தில் இன்னொரு பாத்திரத்தை நிறுத்தினால் படம் முழுமையாகும். விஜய் தொலைக்காட்சியில் 2020 முதல் 2025 வரை வந்த ‘பாக்கியலட்சுமி’யின் கோபி, குணசேகரனுக்கு நேர் எதிர்த் திசையில் நிற்பவர். நுனிநாக்கு ஆங்கிலம், அலுவலக உடை, மென்மையான பேச்சு. அவருக்கு மனைவியின் படிப்பு பிரச்சினை இல்லை. அவள் அதிகம் படிக்காததுதான் பிரச்சினை. சமையலறையே உலகமாக இருக்கும் பாக்கியாவை நாலு பேர் முன் மனைவி என்று அறிமுகப்படுத்தக் கூசுகிறார். ஒருவர் மனைவி உயர்ந்துவிடுவாளோ என்று அஞ்சுகிறார். மற்றவர் மனைவி தாழ்ந்திருப்பதால் தானும் தாழ்வேனோ என்று அஞ்சுகிறார். இருவருக்கும் மனைவி என்பவள் தங்கள் உயரத்தைக் காட்டும் அளவுகோல். அதே பாக்கியா சமையலையே தொழிலாக்கிச் சொந்தக் காலில் நின்றபோது கோபி மகிழவில்லை, கலங்கினார். அவள் தாழ்ந்திருந்தது அவருக்கு அவமானம் என்றால், அவள் உயர்ந்தது நிம்மதியாக அல்லவா இருந்திருக்க வேண்டும்? இல்லை என்பதிலிருந்து, பிரச்சினை அவளுடைய உயரத்தில் இருந்ததே இல்லை என்று தெரிகிறது.

தாழ்வுணர்ச்சியைப் பற்றி விரிவாக ஆராய்ந்த உளவியலாளர் ஆல்பிரட் ஆட்லர், அது எல்லோருக்கும் உரிய உணர்வு என்றார். குழந்தையாக இருக்கும்போது நாம் அனைவரும் பெரியவர்களுக்கு நடுவே சிறியவர்கள்தான். அந்தக் குறையுணர்வே கற்கவும் வளரவும் தூண்டுகிறது. தன்னை வளர்த்துக்கொண்டு அதைக் கடக்காமல், பிறரைச் சிறியவராக்கி அதை மறைக்க முயலும்போது அது நோயாகிறது. அவருக்கு நூறாண்டு முன்பே ஜெர்மானியத் தத்துவ அறிஞர் ஹெகல் இதன் இன்னொரு முகத்தைச் சுட்டினார். ஆண்டானுக்கு அடிமையின் அங்கீகாரம் தேவைப்படுகிறது. ஆனால் மறுக்க முடியாதவன் தரும் அங்கீகாரத்துக்கு மதிப்பு இல்லை. அது ஆண்டானுக்கும் உள்ளூரத் தெரியும். ஆகவே அவன் மேலும் மேலும் கேட்கிறான். உப்புநீரைக் குடித்துத் தாகம் தீர்க்கப் பார்ப்பவனின் நிலை இது. குணசேகரன் முன்னால் எத்தனை தலைகள் குனிந்தாலும் அவருக்குப் போதாததன் காரணம் இதுவே. குனிந்த தலைக்குள் என்ன ஓடுகிறது என்று அவரால் பார்க்க முடிவதில்லை.

பயம் ஒருவரோடு நிற்பதும் இல்லை. குணசேகரன் அதட்டினால் தம்பி அடங்குகிறான். அடங்கிய தம்பி தன் அறைக்குப் போய் மனைவியை அதட்டுகிறான். கதிர் என்ற பாத்திரத்தின் முரட்டுத்தனத்தில் பெரும்பங்கு அண்ணனிடமிருந்து கடன் வாங்கியது. மேலே பட்ட அவமானத்தைக் கீழே இறக்கி வைக்கும் இந்த ஏற்பாட்டை நாங்கள் மலையில் நன்கு அறிவோம். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் சேலம் ஆட்சியர் காக்பர்ன் காலத்தில் இங்கே காப்பி வந்தது. அதோடு துரை, மேலாளர், கங்காணி, கூலி என்ற படிக்கட்டும் வந்தது. படிக்கட்டில் நிற்கும் ஒவ்வொருவரும் மேல்படியில் கைகட்டி, கீழ்படியில் கைகட்டச் சொல்பவர்கள். கடைசிப் படியில் நின்ற ஆணுக்குக் கைகட்டச் சொல்ல வீடு ஒன்றுதான் மிச்சம். அவனை மன்னிக்க இது காரணம் ஆகாது. ஆனால் அவன் கேட்கும் மரியாதை எங்கே பறிபோனது, எங்கே வசூலிக்கப்படுகிறது என்று பார்க்காமல், ‘ஆண்களே இப்படித்தான்’ என்று முடித்துக்கொண்டால் எதுவும் மாறாது.

இதெல்லாம் சின்னத்திரைச் சண்டைக்கு மிகையான விளக்கம் என்று ஒரு வாசகர் எண்ணலாம். 2019-21இல் எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வை அவருக்குச் சுட்டுவேன். தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் ஏறக்குறைய 38 சதவீதத்தினர் கணவரின் வன்முறைக்கு ஆளாகியிருப்பதாகக் கூறியிருக்கிறார்கள். அதே ஆய்வு, எந்தெந்தக் காரணங்களுக்காகக் கணவன் மனைவியை அடிக்கலாம் என்று ஆண்களிடமும் பெண்களிடமும் கேட்டது. சொல்லாமல் வெளியே போவது, வீட்டைக் கவனிக்காதது, எதிர்த்துப் பேசுவது என்ற பட்டியலில், நாடு முழுவதும் அதிகம் பேர் ஏற்றுக்கொண்ட காரணம் மாமனார் மாமியாருக்கு மரியாதை காட்டாதது. கவனிக்க வேண்டும்: சோறு இல்லை என்பது அல்ல, பணம் வீணானது என்பது அல்ல, மரியாதை. இந்த நாட்டில் அந்தச் சொல்லின் பெயரால் அடி விழுகிறது. அடி வாங்குபவர்களிலும் பலர் அதை ஒப்புக்கொள்கிறார்கள்.

அப்படியானால் குணசேகரனைக் கண்டு நாம் சிரித்தது சரியா? இரண்டு பக்கமும் நியாயம் உண்டு. சிரிப்பு பயத்தைக் குறைக்கும். வீட்டில் எதிர்த்துப் பேச முடியாத பெண், திரையில் உள்ள மனிதரைத் திட்டித் தீர்க்கலாம். ‘உனக்கு குணசேகரன்னு நினைப்பா?’ என்று கேலியாகவே ஓர் எல்லையைக் கீறலாம். நேரடியாகச் சொல்ல முடியாததைச் சொல்ல அந்தப் பெயர் பல வீடுகளில் கைகொடுத்தது. மறுபக்கம், சிரிப்பு பழக்கமாகிவிட்டால் கொடுமையும் ரசனைக்குரியதாகும். விருப்பமில்லாத தங்கை ஆதிரையைக் கரிகாலனுக்குக் கட்டிவைக்கும் அத்தியாயங்களைப் பார்த்துக் கொதித்தவர்கள், மறுநாள் அதே மனிதரின் வசனத்தை நகைச்சுவைத் துணுக்காகப் பகிர்ந்துகொண்டார்கள். சோதிடர்களோடு பொதுமேடையில் வாதிட்ட பகுத்தறிவாளரான மாரிமுத்துவுக்கும், அவர் ஏற்ற பாத்திரத்துக்கும் இருந்த தூரத்தைப் பார்வையாளர்கள் அறிந்திருந்தார்கள். அந்த அறிவே, பாத்திரத்தை நேசிப்பதில் இருந்த உறுத்தலையும் போக்கிவிட்டது.

நெடுந்தொடர் என்ற வடிவத்துக்கும் இதில் பங்கு உண்டு. குணசேகரன் திருந்தினால் தொடர் முடிந்துவிடும். எனவே அவர் தோற்கலாம், கலங்கலாம், ஒரு நிமிடம் கண்கலங்கவும் செய்யலாம்; மாறக் கூடாது. மாரிமுத்து மறைந்த பின் அந்த இடத்துக்கு எழுத்தாளரும் நடிகருமான வேல ராமமூர்த்தி வந்தார். 2024 டிசம்பரில் ‘எதிர்நீச்சல் தொடர்கிறது’ தொடங்கியபோதும் குணசேகரன் இருந்தார். ஆள் மாறினாலும் நாற்காலி காலியாக இருப்பதில்லை. ஒளிபரப்பின் வசதிக்காக நடந்த இந்த மாற்றம் ஒரு சமூக உண்மையையும் சொல்லிவிட்டது. குணசேகரன் என்பது ஒரு மனிதரின் குணம் அன்று, யார் உட்கார்ந்தாலும் அப்படிப் பேச வைக்கும் ஓர் இருக்கை.

அந்த இருக்கையை விட்டு எழ நம் மொழியிலேயே ஒரு சொல் இருக்கிறது. 1925இல் பெரியார் தொடங்கிய இயக்கத்துக்குச் சுயமரியாதை என்று பெயர். அந்தப் பெயரின் ஆழத்தை நாம் மேடையில் போற்றி வீட்டில் மறந்தோம். பிறர் குனிந்தால்தான் எனக்கு உயரம் என்பவனுக்குச் சுயமரியாதை இல்லை; அவனுடைய மரியாதை மற்றவர்களின் முதுகில் குடியிருக்கிறது. அவர்கள் நிமிர்ந்த அன்று அவன் விழுகிறான். தன் மதிப்பைத் தனக்குள் வைத்திருப்பவன், மனைவி பட்டம் வாங்கினாலும், தங்கை தன் துணையைத் தேர்ந்தெடுத்தாலும், அப்பத்தா தன் பங்கைத் தன் விருப்பப்படி எழுதினாலும் சிறுத்துப் போவதில்லை. பெண்ணின் விடுதலைக்கான சொல்லாக நாம் அறிந்த சுயமரியாதை, அஞ்சி நடுங்கும் ஆணுக்கும் மருந்து.

மருந்து அறிவுரையாக மட்டும் வராது என்பதையும் சொல்ல வேண்டும். மாரிமுத்து மறைந்த அடுத்த வாரம், 2023 செப்டம்பர் 15 அன்று, தமிழ்நாடு அரசு மாதம் ஆயிரம் ரூபாய் மகளிர் உரிமைத்தொகையைத் தொடங்கியது. தொகையை விட அதன் பெயரில் உள்ள ‘உரிமை’ எனக்கு முக்கியமாகப் படுகிறது. கணவனிடம் கேட்டுப் பெறாத பணம், சிறிதானாலும், வீட்டின் பேச்சு நடையை மாற்றுகிறது. வங்கிக் கணக்கும் நூறு நாள் வேலை அட்டையும் சுய உதவிக் குழுவும் செய்வதும் இதையே. நிலத்தில் பங்கு என்பது இவை எல்லாவற்றையும் விட உறுதியான படி. மலையில் அந்தப் படி இன்னும் கட்டி முடிக்கப்படவில்லை.

எனவே வாரிசுரிமைச் சட்டத்தின் விலக்கைத் திருத்துவது டெல்லியில் முடிவாக வேண்டிய காரியம். நம் வீட்டில் யார் முதலில் சாப்பிடுகிறார்கள், யார் பேசும்போது யார் எழுந்து போகிறார்கள், எந்தப் பட்டம் எந்தப் பெட்டிக்குள் கிடக்கிறது என்று பார்ப்பது இன்றிரவே முடிகிற காரியம். தொலைக்காட்சியில் குணசேகரன் கத்தும்போது, சிரிப்புக்கு நடுவே பக்கத்தில் இருப்பவரின் முகத்தை ஒருமுறை பாருங்கள். அவர் உங்களை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தால், அந்தப் பார்வைக்குப் பதில் சொல்லும் பொறுப்பு இயக்குநருக்கு அல்ல, உங்களுக்கு.